அந்தத் தண்ணீருக்கு இங்கே வாழைமரம் இல்லை

இந்தக் கோடை விடுமுறையில் மோட்டார் ஹோம் எடுத்துக்கொண்டு நியூசிலாந்தின் தென்தீவைச் சுற்றக் கிளம்பும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு,



ஆக்லாந்திலிருந்து வருகிறவர்கள் இருக்கிறீர்கள். சிட்னி, மெல்பனிலிருந்து வருகிறவர்கள் இருக்கிறீர்கள். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்து அப்பா, அம்மா, மாமியார் என்று மூன்று தலைமுறையாக வந்து இறங்குகிறவர்களும் உண்டு. டிசம்பர் பிறந்துவிட்டால் கிறைஸ்ட்சர்ச்சில் வாடகை வண்டி எடுக்கும் இடங்களில் தமிழ் காதில் விழுகிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கும். குக்கரை எங்கே வைப்பது, பாட்டிக்குக் கீழ்ப் படுக்கையா மேல் படுக்கையா என்று வாசலிலேயே பேச்சு நடக்கும். வண்டியை ஒப்படைக்கிறவர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுவார். படுக்கை, அடுப்பு, கேஸ், கழிப்பறைக் கேசட். கடைசியில் வண்டிக்கு அடியில் இருக்கும் ஒரு குழாயையும் கைப்பிடியையும் காட்டுவார். அதற்குள் பிள்ளைகள் வண்டிக்குள் ஏறியிருப்பார்கள், யாரும் கவனித்திருக்கமாட்டோம். அந்தக் கைப்பிடியைப் பற்றித்தான் இந்த மடல்.

சமையல் தொட்டி, முகம் கழுவும் தொட்டி, ஷவர் மூன்றிலிருந்தும் வடியும் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒரு தொட்டியில் போய்ச் சேருகிறது. கழிப்பறைக் கழிவு அதில் சேராது, அது தனிக் கேசட். இந்தத் தொட்டியை இங்கே கிரே டேங்க் என்பார்கள். அதைத் திறக்கும் வால்வுதான் அந்தக் கைப்பிடி.

எங்கள் முதல் பயணத்தில் நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறு பேர் படுக்கும் வண்டி, இரண்டு குடும்பம். மூன்றாம் நாள் இரவு புக்காக்கி ஏரிக்கரையில் நிறுத்தியிருந்தோம். எதிரே ஔராக்கி மலை, கீழே பால் கலந்த நீல நிறத்தில் ஏரி. சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மகள் ஷவரிலிருந்து கத்தினாள். போய்ப் பார்த்தால் ஷவர்த் தரையின் ஓட்டை வழியாகத் தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் நிறம். மேலே சோற்றுப் பருக்கை மிதக்கிறது, ஒரு கறிவேப்பிலை மிதக்கிறது. கிரே டேங்க் நிரம்பிவிட்டால் தண்ணீர் போக வழியில்லாமல் வண்டியின் ஆகத் தாழ்ந்த வாய் வழியாக மேலே வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட வந்த நண்பன் சொன்னான்: "வெறும் கழுவுன தண்ணிதானே மச்சான், தொறந்து வுடு. ஊர்ல வாழைக்குத்தானே வுடுவோம்?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இருட்டில் குனிந்து கைப்பிடியை இழுத்தேன். கற்களுக்கு நடுவே சலசலவென்று ஓடிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

காலையில் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளைக் கூழாங்கற்களின் மேல் மஞ்சள் தடம், வண்டியிலிருந்து ஏரியின் பக்கமாகப் போய்க் கற்களுக்குள் மறைந்திருந்தது. இரவுக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கல்லுக்குக் கல் வெள்ளைப் படலமாக ஒட்டியிருந்தது. கடுகு, பருப்பு, தலைமுடிச் சுருள். இரண்டு நாள் தொட்டிக்குள் கிடந்த தண்ணீர் ஆதலால் சாக்கடை நாற்றம். அடுத்த வண்டியிலிருந்து ஒரு வயதான அம்மா வந்தார். அவர் எங்களைத் திட்டவில்லை. "டேங்க் நிரம்பிவிட்டதா? பக்கத்து ஊர் ட்விசலில் காலி செய்ய இடம் இருக்கிறது, அரை மணி நேரம்கூட ஆகாது" என்றார். கையுறை மாட்டிக்கொண்டு என் மனைவியோடு உட்கார்ந்து பருக்கைகளைப் பொறுக்க ஆரம்பித்தார். எண்ணெய்ப் படலத்தைப் பொறுக்க முடியவில்லை. அது அங்கேயே இருந்தது.

அந்த வாழைமரப் பேச்சை நம் வண்டிகளில் இன்னும் கேட்கிறேன். யாரும் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. நல்ல பழக்கம் ஒன்றை இடம் மாற்றிப் பொருத்திப் பார்க்கிறார்கள். அதனால் அதற்குக் கொஞ்சம் பொறுமையாகவே பதில் சொல்ல வேண்டும்.

என் அப்பாயி வீட்டில் பாத்திரம் துலக்குவது கொல்லையில். துலக்கச் சாம்பலும் புளியும். தலைக்குச் சீயக்காய், அரப்பு. அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போய் மாட்டுக்கு ஆகும். மிச்சம் ஓடுகிற தண்ணீர்தான் வாழைக்கு. வெயில் காய்ந்த மண், அதில் புழுவும் நுண்ணுயிரும் ஏராளம். வாழை தண்ணீரை விழுங்கிக்கொண்டே இருக்கும் மரம். ஒரு வீட்டுத் தண்ணீர், ஒரு குத்து வாழை. வந்ததை மண்ணும் வேரும் அன்றன்றைக்கே தின்று தீர்த்துவிடும்.

புக்காக்கிக் கரையில் இதில் எது இருக்கிறது? அங்கே காலுக்கடியில் இருப்பது பனியாறுகள் அரைத்துக் கொட்டிய சரளைக் கல். மண் மெலிசு. கோடையிலும் ராத்திரி நல்ல குளிர். ஊற்றிய தண்ணீர் வடிகட்டப்படாமல் கல்லிடுக்கு வழியாகக் கீழே இறங்கி ஏரியை நோக்கிப் போகும். நாம் ஊற்றுவதும் சாம்பல் தண்ணீர் அல்ல. பாத்திரம் கழுவும் திரவம், ஷாம்பு, சன்ஸ்கிரீன், எண்ணெய், பால், தயிர் எல்லாம் சேர்ந்தது. ஷவர்த் தண்ணீரில் உடம்பிலிருந்து கழுவி வரும் கிருமிகளும் உண்டு. தொட்டிக்குள் அடைபட்டு ஓரிரு நாள் கிடந்தால் அதிலுள்ள பிராணவாயு தீர்ந்து, கிருமிகள் பெருகி, கழிப்பறைத் தண்ணீருக்கு அதிகம் குறையாத நிலைக்கு வந்துவிடும். அன்றன்று கொல்லையில் ஓடிய தண்ணீரும் இதுவும் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, நல்ல காட்சி தெரியும் இடம் ஒன்றுதான் இருக்கும், அங்கேதான் எல்லா வண்டியும் வந்து நிற்கும். இன்று நாம், நாளை வேறொருவர், பருவம் முழுக்க அதே பத்தடி நிலம்.

அப்பாயி ஊரில் வாழைக்கு நூறடி தள்ளி ஊருணி இருந்தது. குடிதண்ணீர் ஊருணி. அதில் கால் நனைக்க விடமாட்டார்கள், ஆடு மாட்டை இறக்க விடமாட்டார்கள், கரையில் துணி துவைத்தால் ஊரே சண்டைக்கு வரும். கழுநீரை வாழைக்கு விட்ட அதே ஆட்கள்தான் ஊருணிக்கு இப்படிக் காவல் இருந்தார்கள். இந்த ஏரிகளைப் பார்க்கும்போது நமக்கு வாழை நினைவுக்கு வரக்கூடாது, ஊருணி நினைவுக்கு வர வேண்டும். இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. குவீன்ஸ்டவுன் ஊர் வாக்காட்டிப்பு ஏரியிலிருந்து குடிதண்ணீர் எடுக்கிறது. வானக்கா ஊர் வானக்கா ஏரியிலிருந்து எடுக்கிறது. 2023 செப்டம்பரில் குவீன்ஸ்டவுனில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற நுண்ணுயிரி பரவிப் பலர் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். பல வாரங்கள் ஊர் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடித்தது. அது மோட்டார் ஹோம்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் படம்பிடிக்க நாம் போய் நிற்கும் ஏரி அங்கே ஒருவர் வீட்டுக் குழாயில் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டு நிற்போம்.

"பாட்டிலில் மக்கும் சோப் என்று போட்டிருக்கிறதே" என்று கேட்பீர்கள். மக்கும் சோப்பும் மக்குவதற்கு மண் வேண்டும், நாள் வேண்டும். ஏரித் தண்ணீருக்குள் போனால் அதுவும் சோப்புத்தான். சோற்றுக் கஞ்சியும் பாலும் இன்னும் மோசம். தண்ணீரில் அவை அழுகும்போது மீனும் பூச்சியும் சுவாசிக்கும் பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும். அவற்றோடு போகும் பாஸ்பரசும் நைட்ரஜனும் பாசிக்கு உரம். இந்த ஏரிகள் இவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணமே அவற்றில் உரச்சத்து மிகக் குறைவு என்பதுதான். நெல்சன் லேக்ஸ் தேசியப் பூங்காவில் ரொட்டோமைரேவெனுவா என்று ஒரு ஏரி. 70, 80 மீட்டர் தூரம் தண்ணீருக்குள் பார்வை போவதாக அளந்திருக்கிறார்கள். உலகத்து நன்னீர் ஏரிகளில் அப்படி ஒரு தெளிவு அபூர்வம். வண்டிகள் அங்கே போக முடியாது, நாள்கணக்கில் நடந்துதான் போக வேண்டும். அந்த ஏரி அப்படியே இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஊருக்குள் நிற்கிறவர்களுக்கு வேறொரு தவறு நேர்கிறது. சாலையோரத்தில் இரும்புக் கம்பி போட்ட வடிகால் வாய் இருக்கும். சாக்கடைதானே, அதில் விட்டால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்விடும் என்று நல்ல எண்ணத்தோடேயே விடுகிறார்கள். போகாது. அது மழைத்தண்ணீர் வடிகால். எங்கள் கிறைஸ்ட்சர்ச்சில் தெருவில் விழும் மழை வடிகால் வழியாக ஓட்டாகாரோ போன்ற ஆறுகளுக்குப் பெரும்பாலும் சுத்திகரிப்பு இல்லாமல் போய்ச் சேருகிறது. வடிகாலில் ஊற்றுவதும் ஆற்றில் ஊற்றுவதும் ஒன்றே. இன்னும் சிலர் வால்வைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு ஓட்டுவார்கள், வழியெல்லாம் சொட்டிக்கொண்டே காலியாகிவிடும் என்று. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் முகத்தையும் வழுக்கும் தாரையும் யோசித்துப் பாருங்கள். இதை மட்டும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை, ஏனென்றால் தெரிந்தே செய்வது இது.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டணமில்லாமல் சாலையோரத்தில் தங்குவதற்கென்றே 2011இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதை இறுக்கினார்கள். வண்டியில் நிலையாகப் பொருத்திய கழிப்பறை வேண்டும், வண்டி தன்னிறைவானது என்று சான்று சொல்லும் பச்சை வாரண்ட் வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் 3 நாள் தண்ணீர், அதாவது தலைக்கு 12 லிட்டர் கொள்ள வேண்டும். கழிவுநீரைப் பிடித்து வைக்கவும் அதற்கேற்ற தொட்டி வேண்டும். யோசித்தால் அந்தச் சான்றின் பொருளே இதுதான்: 3 நாளைக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் இந்த வண்டிக்குள்ளேயே அடங்கும் என்று ஊருக்குக் கொடுக்கும் வாக்கு. அதை நம்பித்தான் ஏரிக்கரையில் நம்மைத் தங்க விடுகிறார்கள். மீறினால் அபராதமும் உண்டு. ஆனால் அபராதத்தைக் காட்டிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. இந்தப் பழக்கத்தால் ஊர்க்காரர்கள் வெறுத்துப்போய், "இரவில் தங்கக்கூடாது" என்று பலகை நட்ட கரைகளைப் பார்த்திருக்கிறேன். அதுதான் பெரிய இழப்பு.

இனி நம் சமையலுக்கு வருகிறேன். ரொட்டியும் சீஸும் சாப்பிடுகிறவர்களின் தொட்டிக்கும் நம் தொட்டிக்கும் வித்தியாசம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கும், நெய்யும் அப்படித்தான். தெக்காப்போ ஏரிக்கரையில் ராத்திரி எவ்வளவு குளிரும் என்று போனால் தெரியும். சூடாகத் தொட்டிக்குள் போன எண்ணெய் விடியும்போது தொட்டியின் சுவரிலும் குழாயிலும் மெழுகுபோல் ஒட்டியிருக்கும். தொட்டி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் உணரிகளையும் அது மூடிவிடும். அப்புறம் வண்டிக்குள் உள்ள அளவுப் பலகை பாதி என்று காட்டும், ஷவரில் தண்ணீர் மேலே வரும். எனக்கு நடந்தது அதுதான். அதோடு பருப்பும் தயிரும் சேர்ந்தால் இரண்டாம் நாளே வண்டிக்குள் நாற்றம் ஏறும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை அல்ல. தட்டை, வாணலியைக் கழுவுமுன் காகிதத் துண்டால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். பொரித்த எண்ணெயைப் பழைய பாட்டிலில் ஊற்றி வையுங்கள், சமையல் தொட்டியில் ஊற்றாதீர்கள். சமையல் தொட்டியின் வாயில் சிறு கண் சல்லடை ஒன்று வையுங்கள், டீ வடிகட்டிகூடப் போதும். சாம்பார் மீந்தால் மறுநாள் சாப்பிடுங்கள், கெட்டுப்போனால் பையில் கட்டிக் குப்பைக்குப் போடுங்கள். கஞ்சி வடிக்காமல் குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்துப் பொங்குங்கள். நாற்றத்துக்குப் பயந்து பிளீச்சை ஊற்றாதீர்கள். பல முகாம்களில் செப்டிக் டேங்க்தான், அதில் வேலை செய்யும் நுண்ணுயிர்களை பிளீச் கொன்றுவிடும். ஷவரில் சோப் போடும்போது தண்ணீரை நிறுத்தச் சொல்லிப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெரிய வாடகை வண்டிகளில் கிரே டேங்க் 80, 100 லிட்டர் அளவில் இருக்கும், வண்டிக்கு வண்டி மாறும். ஆறு பேர் வீட்டில் குளிப்பதுபோல் குளித்தால் ஒரே நாளில் நிரம்பிவிடும்.

காலி செய்யும் இடத்துக்கு இங்கே டம்ப் ஸ்டேஷன் என்று பெயர். தெக்காப்போ, ட்விசல், வானக்கா, தே ஆனாவு என்று நீங்கள் போகும் ஊர்களிலெல்லாம் இருக்கிறது. பெரும்பாலும் காசு கிடையாது. கேம்பர்மேட், ரேங்கர்ஸ் போன்ற செயலிகளில் வரைபடத்தில் தெரியும். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் காட்டு முகாம்கள் பெரும்பாலானவற்றில் கிடையாது, அதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். மில்ஃபர்ட் சவுண்டுக்குப் போகிறவர்கள் தே ஆனாவுவில் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கிருந்து 118 கிலோமீட்டர் மலைக்காட்டுப் பாதை. 90 லிட்டர் அழுக்குத் தண்ணீர் என்றால் 90 கிலோ, ஒரு ஆளின் எடைக்கு மேல். அதைச் சுமந்துகொண்டு மலை ஏறுவானேன்?

டம்ப் ஸ்டேஷனில் தரையோடு தரையாக ஒரு வாய், மூடியோடு இருக்கும். வண்டியின் குழாய் அதற்கு நேராக வரும்படி நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடுங்கள். கையுறை மாட்டுங்கள். முதலில் ஹோஸைப் பொருத்தி அதன் மறுமுனையை வாய்க்குள் நன்றாக விட்ட பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். வரிசை மாறினால் காலில் கொட்டும். கழிப்பறைக் கேசட்டை முதலில் காலி செய்துவிட்டு, கிரே டேங்கைப் பிறகு திறந்தால் வாய் சோப்புத் தண்ணீரால் கழுவப்பட்டுவிடும். தண்ணீர் நின்றபின் ஒரு குடம் நல்ல தண்ணீரைச் சமையல் தொட்டியில் ஊற்றி அலசி விடுங்கள். சிந்தியதைக் கழுவி மூடியை மூடுங்கள், அடுத்து வருகிறவருக்கு அது மரியாதை. வால்வை மூடுங்கள்.

அங்கே பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று கேசட்டையும் தரையையும் அலச, மற்றது குடிதண்ணீர் பிடிக்க. பலகையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். அலசும் குழாயின் ஹோஸைக் கேசட்டுக்குள்ளேயே விட்டு அலசியிருப்பார்கள். அதில் குடிதண்ணீர் பிடித்தால் பிள்ளைகளுக்கு வயிற்றுவலிதான். குடிதண்ணீருக்குத் தனி ஹோஸ், அதுவும் வண்டியில் தனி அறையில் இருக்கட்டும்.

இந்த மண்ணின் மாவோரி மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. உணவு சம்பந்தப்பட்டதையும் உடம்புக் கழிவு சம்பந்தப்பட்டதையும் அவர்கள் சேர்க்கமாட்டார்கள். சமையலறைத் துணியை உடுத்திய துணியோடு துவைக்கமாட்டார்கள், சாப்பிடும் மேசைமேல் உட்காரமாட்டார்கள். நம் பாட்டிமார் பார்த்தால் "நம்மாட்கள்" என்று சொல்லியிருப்பார்கள். மனிதக் கழிவு ஆற்றில் கலப்பது அவர்களுக்குச் சுகாதாரக் கேடு மட்டுமல்ல, தண்ணீரின் உயிரையே கெடுப்பது. 2017இல் வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு ஆளாகவே நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த ஆற்றின் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போராடிப் பெற்றது அது. அப்படிப்பட்டவர்களின் ஏரிக்கரையில் விருந்தாளியாகத் தங்கப் போகிறோம்.

அந்தப் புக்காக்கிக் காலைக்குப் பிறகு நாங்கள் எட்டுப் பயணம் போய்விட்டோம். இப்போது எங்கள் வண்டியில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. இரவில் நிறுத்தும்போதும் காலையில் கிளம்பும்போதும் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்ப்பது மகளின் வேலை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து "மூடியிருக்கு அப்பா" என்று சொன்ன பிறகுதான் சாவி போடுவேன். உங்கள் வண்டியிலும் ஒருவருக்கு அந்த வேலையைக் கொடுங்கள். வண்டியைப் பெற்றுக்கொள்ளும்போது அந்தக் கைப்பிடியை ஒருமுறை நீங்களே திறந்து மூடிப் பாருங்கள், ஹோஸ் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முதல் டம்ப் ஸ்டேஷன் எங்கே என்று கிளம்புமுன்பே குறித்து வையுங்கள். நல்லபடியாகப் போய் வாருங்கள்.

அன்புடன்,
கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து உங்கள் சகோதரன்